பெருந்தொற்றுக் காலத்தில் அறக்கட்டளைத் தன்னார்வலர்களுக்கு எந்தக் காப்பீடு பொருந்தும்?

காவிரிப்படுகை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் இயங்கும் சிறிய, பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். ஊதியம் பெறுவோர் மூவர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாம் ஊர் இளைஞர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மகளிர் குழுவினர் எனச் சுமார் நாற்பது தன்னார்வலர்கள். 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, உணவுப் பொட்டலம் வழங்குவது, ஆக்சிஜன் உருளை கொண்டு சேர்ப்பது, தூக்க ஆளில்லாமல் கிடந்த உடல்களை மயானம் வரை எடுத்துச் செல்வது என எல்லா வேலைகளையும் இவர்களே செய்தார்கள். அவர்களில் 46 வயதான ஒருவர் தொற்றுக்கு ஆளாகி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். மனைவியும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்போது எங்களிடம் குழு விபத்துக் காப்பீடு ஒன்று நடப்பில் இருந்தது. நோயால் நேர்ந்த மரணம் விபத்தாகாது என்று கூறி நிறுவனம் கோரிக்கையை மறுத்துவிட்டது. முன்களப் பணியாளர்களுக்கான 50 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் விண்ணப்பிக்கச் சென்றபோது, அவரை அரசு பணிக்கு அழைத்ததற்கான ஆணையைக் கேட்டார்கள்; அப்படி ஓர் ஆணை எங்களிடம் இல்லை. இறுதியில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது பேரிடர் நிதியிலிருந்து வந்த 50,000 ரூபாய்க் கருணைத்தொகை மட்டுமே.

இந்த மாதத்தில் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். செயற்குழுவில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பழைய பாலிசியையே கூடுதல் தொகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள் சிலர். நன்கொடையாளர் பணத்தைப் பிரீமியத்துக்குச் செலவழிப்பதே தவறு என்கிறார்கள் வேறு சிலர். இன்னொரு பெருந்தொற்று வந்தால் உண்மையில் பயன்படக்கூடிய காப்பீடு எது என்பதை, துறை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற_கிளைம்_அலுவலர்:

ஐயா, அந்தக் குடும்பத்துக்கு என் வருத்தத்தைத் தெரிவியுங்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கோரிக்கைகள் ஏன் மறுக்கப்பட்டன என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்காமல் அடுத்த பாலிசியைத் தேர்ந்தெடுத்தால் அதே இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

விபத்துக் காப்பீட்டில் இழப்பீடு கிடைக்க வேண்டுமானால், மரணத்துக்குக் காரணம் வெளியிலிருந்து, திடீரென, கண்ணால் காணக்கூடிய வகையில் உடலைத் தாக்கிய ஒன்றாக இருக்க வேண்டும். நோய்த்தொற்றும் எதிர்பாராமல் வருவதுதானே என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்று தோற்றிருக்கிறது. வீட்டுக்கடனோடு இணைந்த விபத்துக் காப்பீடு வைத்திருந்த ஒருவர் மொசாம்பிக் நாட்டில் பணியாற்றும்போது கொசுக்கடியால் மலேரியா வந்து இறந்தார். நுகர்வோர் ஆணையங்கள் அவருடைய குடும்பத்தின் பக்கம் நின்றன. ஆனால் 2019 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம், மக்களில் மூன்றில் ஒருவருக்கு மலேரியா காணும் நாட்டில் அந்த நோய் வருவது இயல்பான போக்கில் நேர்வதே என்று கூறி, அது விபத்தாகாது எனத் தீர்ப்பளித்தது. கொரோனா வருவதற்கு ஓராண்டு முன்பு வந்த தீர்ப்பு இது. ஒரு கொசு கடித்ததற்கே இந்த நிலை என்றால், காற்றில் பரவும் கிருமிக்கு விபத்துக் காப்பீட்டில் இடம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே, அதே பாலிசியைக் கூடுதல் தொகைக்கு எடுப்பது சாலை விபத்துக்கும் பாம்புக்கடிக்கும் உதவும். பெருந்தொற்றுக்கு ஒரு ரூபாய்கூட உதவாது.

அடுத்தது அந்த 50 லட்சம் ரூபாய்த் திட்டம். பிரதம மந்திரி கரீப் கல்யாண் தொகுப்பின்கீழ் 2020 மார்ச் 30 அன்று நடைமுறைக்கு வந்து, பலமுறை நீட்டிக்கப்பட்டது. கொரோனா நோயாளிகளோடு நேரடித் தொடர்பில் இருக்க நேரும் சுமார் 22.12 லட்சம் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள்தாம் அதன் முதன்மைப் பயனாளிகள். திட்ட ஆவணத்தில் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் தனியார் மருத்துவமனை ஊழியர், ஓய்வு பெற்றோர், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோரோடு சேர்த்து, அரசு கேட்டுப் பெற்றுக்கொண்டு கொரோனா பணியில் ஈடுபடுத்திய தன்னார்வலர் என்ற பொருளிலேயே அது வருகிறது. வட்டாட்சியர் தொலைபேசியில், “உங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் அனுப்புங்கள்” என்று சொல்லியிருக்கலாம். வாட்ஸாப்பில் செய்தி வந்திருக்கலாம். கோப்பில் இல்லாத அழைப்பைக் கிளைம் மேசை ஏற்பதில்லை. அந்தத் திட்டத்தில் எவரும் முன்கூட்டிப் பெயர் பதிய வேண்டியதில்லை, வயது வரம்பும் இல்லை. எல்லாம் இறந்த பிறகு தரப்படும் சான்றிதழை நம்பியே இருந்தன. பணியில் ஈடுபடுத்திய நிறுவனமே அந்தச் சான்றிதழைத் தர வேண்டும் என்பதால், எந்த நிறுவனத்தோடும் எழுத்தில் இணையாதவர்கள் வெளியே நின்றார்கள்.

உங்களுக்குத் தேவைப்படுவது ஆயுள் காப்பீடு. அதாவது, குறித்த காலத்துக்குள் எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் பணம் தரும் குழு டேர்ம் பாலிசி. நோயா விபத்தா என்ற கேள்வியே அங்கு எழாது. ஒரு குழுவாகச் சேர்வதற்குக் காப்பீடு பெறுவது மட்டுமே நோக்கமாக இருக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அறக்கட்டளையின் தன்னார்வலர்கள் என்ற அடையாளம் அந்த விதிக்குப் பொருந்தும். ஆனால் யார் யார் தன்னார்வலர், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதற்கு ஒரு பதிவேடு இருந்தாக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு, அவர் பத்தாண்டுகளாக உங்களோடு உழைத்தவராக இருந்தாலும், பாலிசி கிடையாது.

மயானப்பணித்_தோழன்:

பெரியவரின் விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. அரசு செய்ய வேண்டிய வேலையை நாங்கள் செய்தோம். உடலைத் தொட உறவினரே அஞ்சிய நாட்களில் பாதுகாப்பு உடை அணிந்து குழிக்குள் இறக்கியவர்கள் நாங்கள். அதற்கான காப்பீட்டை நாங்களே காசு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்? 2021 செப்டம்பரில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 50,000 ரூபாயை நிர்ணயித்தபோது, நிவாரணப் பணிகளில் ஈடுபட்டு இறந்தவர்களும் அதில் அடங்குவர் என்று எழுதியது. அதாவது, நிவாரணப் பணி செய்து இறந்தவருக்கும், செய்யாமல் இறந்தவருக்கும் ஒரே தொகை. ஒரே மயானத்தில் அரசுப் பட்டியலில் இருந்தவருக்கு 50 லட்சம், இல்லாதவருக்கு 50,000. நூற்றில் ஒரு பங்கு. அறக்கட்டளைகள் பிரீமியம் கட்டத் தொடங்கிவிட்டால், இந்த வேறுபாட்டைக் கேள்வி கேட்கும் குரலும் அடங்கிவிடும் என்பதே என் கவலை.

தணிக்கை_மதுரை:

தோழரின் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அரசிடம் கேட்பதும் நம் பங்குக்கு ஏற்பாடு செய்வதும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. இழையைத் தொடங்கியவர் இந்த மாதம் ஒரு முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறார். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்பவள் நான்.

நன்கொடையைப் பிரீமியத்துக்குச் செலவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், செலவிடலாம் என்பதே. களத்தில் இறங்குபவரைப் பாதுகாப்பது அந்தக் களப்பணியின் செலவேயாகும். செயற்குழுத் தீர்மானத்தில் எந்தப் பணிக்கு, எத்தனை பேருக்கு, ஏன் என்று எழுதிவையுங்கள். வெளிநாட்டு நன்கொடை பெறுபவர்கள் மட்டும் இன்னும் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2020 செப்டம்பர் இறுதியில் வந்த சட்டத் திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெற்ற நன்கொடையை மற்றொரு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்தது. பெரிய தொண்டு நிறுவனங்கள் சிறிய ஊர்க் குழுக்களுக்குப் பணம் அனுப்பி அந்தக் குழுவினருக்கும் காப்பீடு எடுத்துத் தந்த வழி, பெருந்தொற்றின் நடுவிலேயே அடைபட்டது. ஆகவே அறங்காவலர்களுக்கான பிரீமியத்தையும் களத் தன்னார்வலர்களுக்கான பிரீமியத்தையும் ஒரே தலைப்பில் எழுதாதீர்கள். எது நிர்வாகச் செலவு, எது திட்டச் செலவு என்பதை உங்கள் தணிக்கையாளரோடு பேசி ஆண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி நீக்கப்பட்டது. குழுப் பாலிசிகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 18 விழுக்காடு தொடர்கிறது. தனி மனிதர் தனக்காக எடுத்தால் வரியில்லை, அறக்கட்டளை நாற்பது பேருக்காக எடுத்தால் வரியுண்டு. இதன் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊதியம் பெறும் மூவரைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குச் சட்டத்திலேயே சில வழிகள் உண்டு. அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்று ஏற்படும் தனி இடர் உள்ள வேலையில் வரும் தொற்றுநோய்களைத் தொழில்சார் நோய்களாகக் கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரை ஊதியத்துக்கு வைத்திருந்த அறக்கட்டளை அதன்கீழ் பொறுப்பாகியிருக்கக் கூடும். அதே வண்டியில் உதவிக்குச் சென்ற தன்னார்வலருக்கு அந்த உரிமை இல்லை. இ.எஸ்.ஐ. எனப்படும் ஊழியர் அரசுக் காப்பீட்டு வளையத்துக்குள் இருந்த ஊழியர் கொரோனாவால் இறந்தால், சார்ந்தோருக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு மாதந்தோறும் கிடைக்கும் சிறப்புத் திட்டம் ஒன்று வந்தது. வருங்கால வைப்பு நிதி உறுப்பினராக இருந்தால் அதனோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை. இவை அனைத்தும் ஊதியப் பட்டியலைச் சார்ந்தவை. பணம் வாங்காமல் உழைப்பவர் இந்தச் சட்டங்களின் கண்ணில் படவே மாட்டார்.

மகளிர்_கூட்டமைப்பு_நாமக்கல்:

வணக்கம். எங்கள் கூட்டமைப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானம் கொண்ட குடும்பத்தினர். பெரிய குழுப் பாலிசி எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்பதால் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டையே அடித்தளமாக வைத்துக்கொண்டோம். ஆண்டுக்கு 330 ரூபாயாக இருந்த பிரீமியம் 2022 ஜூன் முதல் 436 ரூபாய் ஆயிற்று. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். கொரோனாவும் அதில் அடக்கம். நாற்பது பேருக்குக் கணக்கிட்டால் 17,440 ரூபாய்தான் வரும். வங்கியில் அதோடு சேர்த்து எழுதித் தரப்படும் 20 ரூபாய்த் திட்டமான சுரக்‌ஷா காப்பீடு வெறும் விபத்துக்கானது. இரண்டின் பெயரும் ஒரே படிவத்தில் இருப்பதால் இரண்டும் கொரோனாவுக்குப் பணம் தரும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். 12 ரூபாய்த் திட்டமாக அது இருந்த காலத்தில் அதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த வீடுகளை நான் அறிவேன்.

இதில் நாங்கள் பட்டு அறிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். பிரீமியம் உறுப்பினரின் சொந்த வங்கிக் கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படும். கூட்டமைப்பு நேரடியாகக் கட்ட இயலாது. எனவே மே மாத இறுதிக்குள் ஒவ்வொருவர் கணக்கிலும் இருப்பு இருக்கிறதா என்று கேட்டு, பணம் பிடிக்கப்பட்ட பிறகு கணக்குப் புத்தகத்தின் நகலை வாங்கிக்கொண்டு அந்தத் தொகையைத் திருப்பித் தருகிறோம். நிவாரணப் பணியில் மும்முரமாக இருக்கும் மாதத்தில் கணக்கில் பணம் இல்லாமல் போய்ப் பாலிசி நின்றுவிட்டால், மீண்டும் சேரலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில வாரங்கள் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும். முன்பு அது 45 நாள், பின்னர் 30 நாளாகக் குறைந்தது. தொற்று பரவத் தொடங்கிய பிறகு அவசரமாகச் சேர்வதில் இந்தச் சிக்கல் உண்டு. மேலும், ஒருவர் இரண்டு வங்கிகளில் சேர்ந்தாலும் கிடைப்பது 2 லட்சம் ரூபாய்தான். ஆகவே, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் தன்னார்வலருக்கு நீங்கள் பணத்தைத் திருப்பித் தருவது, பாலிசி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே பயன்படும்.

மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்துவைப்பது நல்லது. 2021 மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்ற அன்றே, அந்த அட்டை உள்ளவர்களுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆகும் கொரோனா சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டது. தகுதி இருந்தும் அட்டை எடுக்காமல் இருந்தவர்கள்தாம் அப்போது அலைந்தார்கள். அமைதியான காலத்தில் எடுத்துவைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

குரோய்டன்_அறங்காவலர்:

இலண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் அறங்காவலர்களில் ஒருவன் நான். இங்கே நிலைமை முற்றிலும் வேறு என்று எண்ண வேண்டாம். சட்டம் வேறாக இருந்தாலும் ஏமாற்றம் ஒன்றுதான்.

எங்கள் சங்கடம் மரணத்தை ஒட்டியது அன்று, வருமானத்தை ஒட்டியது. மண்டபம் மூடப்பட்டது, வாடகை நின்றது, விழாக்கள் நின்றன. தொழில் தடைக் காப்பீட்டில் (தொழில் நின்றால் வருமான இழப்பை ஈடுசெய்வது) தொற்றுநோய்ப் பிரிவு இருந்த பலருக்கும் நிறுவனங்கள் மறுப்புக் கடிதம் அனுப்பியதால், இங்குள்ள நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான நிதி நடத்தை ஆணையம் பாலிசிதாரர்களின் சார்பில் எட்டு நிறுவனங்கள்மீது மற்ற கோரிக்கைகளுக்கும் வழிகாட்டும் மாதிரி வழக்கு ஒன்றைத் தொடுத்தது. 2021 ஜனவரி 15 அன்று இங்குள்ள உச்ச நீதிமன்றம் பெருமளவுக்குப் பாலிசிதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. தேவாலயங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் காப்பீடு தருவதில் பெயர்பெற்ற எக்ளீசியாஸ்டிகல் நிறுவனம் அந்த எட்டில் ஒன்று. அதன் பாலிசி வாசகத்தின்படி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்திலேயே முடிவாகிவிட்டது, அதன்மீது மேல்முறையீடும் இல்லை. உணவகங்கள் பலவற்றுக்குப் பணம் கிடைத்தது. வழிபாட்டு இடங்களும் சமூக மண்டபங்களும் பெரும்பாலும் வெறுங்கையோடு நின்றன. வேறுபாடு முழுவதும் பாலிசியின் ஓரிரு வரிகளில்தான் இருந்தது: நோய் ‘வளாகத்துக்குள்’ காணப்பட வேண்டுமா, ‘25 மைல் சுற்றளவில்’ காணப்பட்டால் போதுமா என்பது போன்ற வரிகள்.

தன்னார்வலர்களைப் பொறுத்தவரை இங்கே ஒரு நல்ல ஏற்பாடு நடந்தது. சொந்தக் காரில் மருந்தும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் தம் வாகனக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை, பாலிசி பாதிக்கப்படாது என்று பிரித்தானியக் காப்பீட்டாளர் சங்கம் வெளிப்படையாக அறிவித்தது. இந்தியாவில் வாகனங்கள் தொடர்பாக இப்படி ஏதேனும் உண்டா?

ஓய்வுபெற்ற_கிளைம்_அலுவலர்:

குரோய்டன் நண்பரின் கேள்வி முக்கியமானது. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி உண்டு. வாடகைக்கு ஓட்டுவதும், சொந்தப் பயணப் பெட்டிகளும் மாதிரிப் பொருட்களும் தவிர்த்த சரக்கை ஏற்றுவதும் அந்த வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. அரிசி மூட்டையும் ஆக்சிஜன் உருளையும் ஏற்றிய காரில் விபத்து நேர்ந்தால், காருக்கான சேதத் தொகையைத் தருவதற்கு முன் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் இதை எழுதத்தான் செய்வார். இலவசமாகச் செய்த சேவைதான் என்ற வாதம் ‘வாடகை’ என்ற பகுதிக்குப் பொருந்தும். ‘சரக்கு’ என்ற பகுதிக்குப் பொருந்துமா என்பது ஐயமே. ஆகவே நிவாரணப் பொருளுக்குச் சரக்கு வண்டியைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று: வண்டியோடு கட்டாயமாக வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு மட்டுமே உரியது. அறக்கட்டளைத் தலைவரின் காரைத் தன்னார்வலர் ஓட்டிச் சென்று அடிபட்டால் அந்தத் தொகை அவருக்குக் கிடைக்காது. உங்கள் பழைய குழு விபத்துப் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதைச் சிறிய தொகைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை டேர்ம் பாலிசிக்குத் திருப்புங்கள்.

இழப்பீட்டுத் துறையில் இருந்தவன் என்ற முறையில் இலண்டன் வழக்கை நானும் கவனித்து வந்தேன். நம்மிடம் தீ விபத்துப் பாலிசியோடு இணைத்து விற்கப்படும் வருமான இழப்புக் காப்பீடு, கட்டடத்துக்கோ பொருளுக்கோ சேதம் நேர்ந்தால்தான் உயிர்பெறும். கிருமியால் சுவர் இடிவதில்லை. ஆகவே மண்டப வாடகை, திருமண மண்டப வருவாய் ஆகியவற்றை நம்பி அறப்பணி நடத்தும் அமைப்புகள் ஊரடங்கு இழப்புக்குக் காப்பீட்டை எதிர்பார்க்கவே முடியாது. அதற்குச் சில மாதச் செலவை வங்கியில் இருப்பாக வைத்துக்கொள்வதுதான் வழி. மேலும், 2020இல் இலண்டன் லாயிட்ஸ் சந்தையின் சங்கம் தொற்றுநோய் விலக்குக்கான மாதிரி வாசகங்களை வெளியிட்ட பிறகு, அவை மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள் (காப்பீட்டு நிறுவனங்கள் தமக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடு) வழியாக நம் நாட்டுச் சொத்துப் பாலிசிகளுக்குள்ளும் வந்துவிட்டன. பொதுப் பொறுப்புக் காப்பீடு வாங்குபவர்கள், அதாவது நம்மால் பயனாளிக்குத் தீங்கு நேர்ந்தால் என்ற அச்சத்துக்காக வாங்குபவர்கள், ‘தொற்றும் நோய்’ என்ற சொற்கள் விலக்குப் பகுதியில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அன்னதானத்தில் உணவு கெட்டு நேரும் பாதிப்புக்கு அந்தப் பாலிசி உதவும். நம் தன்னார்வலர் வழியாகத் தொற்று பரவியது என்ற குற்றச்சாட்டுக்குப் பெரும்பாலும் உதவாது.

மயானப்பணித்_தோழன்:

பணிக்கு அழைத்த ஆணை வேண்டும் என்று முன்பு சொன்னீர்கள். 2025 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீங்கள் கருத்தில் கொள்ளவில்லையே? தனியாக மருத்துவமனை நடத்தி வந்து கொரோனாவால் இறந்த மருத்துவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி ஆணை இல்லாவிட்டாலும், தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் அரசு பிறப்பித்த பொது ஆணைகளே அவர்கள் பணிக்கு அழைக்கப்பட்டதைக் காட்டுகின்றன என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மருத்துவருக்குப் பொருந்தும் அந்த நியாயம், ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்த எங்களுக்கு ஏன் பொருந்தாது?

ஓய்வுபெற்ற_கிளைம்_அலுவலர்:

தோழரே, அது நல்ல தீர்ப்பு. ஐந்தாண்டு தாமதமாக வந்தது என்பதே என் வருத்தம். ஆனால் அதன் மறுபாதியையும் படிக்க வேண்டும். இறந்தவர் கொரோனா பணியைச் செய்துகொண்டிருந்தபோது தொற்றுக்கு ஆளாகி இறந்தார் என்பதை நம்பத்தக்க சான்றுகளோடு மெய்ப்பிக்கும் பொறுப்பு கோருபவரையே சாரும் என்றும், ஒவ்வொரு கோரிக்கையும் அதனதன் சான்றுகளின் அடிப்படையில் முடிவு செய்யப்படும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மருத்துவருக்கு மருத்துவமனைப் பதிவேடு இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது? 2020 ஏப்ரலில் தன்னார்வ அமைப்புகள் நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு கட்டுப்பாடு விதித்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, அதிகாரிகளுக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வழங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது நினைவிருக்கும். அப்போது பல அமைப்புகள் கொடுத்த அந்தத் தகவல் கடிதங்களின் நகல் இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? எந்தத் தேதியில், எந்தத் தெருவில், எந்த மூவர் சென்றார்கள் என்று அதிகாரியின் முத்திரையோடு இருக்கும் ஒரே காகிதம் அதுதான். அதை வைத்திருப்பவர் வழக்காடலாம். மற்றவர்களுக்காக நான் இரங்கலாம், அவ்வளவே.

மயானப்பணித்_தோழன்:

எங்கள் மயானத்தில் மாநகராட்சிப் பதிவேடு உண்டு. உடலைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர் என்ற இடத்தில் எங்கள் கையெழுத்து இருக்கிறது. அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியுமா என்று பார்க்கிறேன். நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் முத்திரை இல்லாத காரணத்தால் ஓர் உயிரின் விலை நூற்றில் ஒன்றாவதை என்னால் ஏற்க முடியாது.

காவிரிப்படுகை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் நன்றி. இந்த இழையை அச்சிட்டு நேற்றைய செயற்குழுவில் வைத்தேன். விபத்துப் பாலிசியை ஆளுக்கு 2 லட்சம் ரூபாயாகக் குறைத்துக்கொள்வது, ஐம்பது வயதுக்கு உட்பட்ட அனைவரும் ஜூன் முதல் தேதிக்கு முன் ஜீவன் ஜோதியில் இருப்பதை உறுதி செய்து பிரீமியத்தைத் திருப்பித் தருவது, குழு டேர்ம் பாலிசிக்கு மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. தன்னார்வலர் பதிவேட்டை எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தொடங்கிவிட்டார். நாமினி பெயர், இரத்த வகை, மருத்துவக் காப்பீட்டு அட்டை எண் வரை அதில் இருக்கின்றன. பேரிடர்க் காலத்தில் அதிகாரி எவரேனும் வாய்மொழியாக உதவி கேட்டால், அன்று மாலைக்குள், “தாங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பின்வரும் ஐவரை அனுப்புகிறோம்” என்று மின்னஞ்சல் அனுப்பி அதன் நகலைக் கோப்பில் வைப்பது என்றும் தீர்மானித்தோம்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. எங்கள் தன்னார்வலர்களில் பன்னிருவர் 55 வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்கு என்ன செய்வது? அடுத்து, எங்கள் மாலைநேர வகுப்புக் கட்டடம் 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அப்போது எதுவும் நேரவில்லை, ஆனால் நேர்ந்திருந்தால் தீ பாலிசி உதவியிருக்குமா?

தணிக்கை_மதுரை:

கட்டடக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். வழக்கமான தீ மற்றும் சிறப்பு இடர்ப் பாலிசியில், கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், நிறுவனத்தின் முன் ஒப்புதல் பெற்றிருந்தாலன்றிக் காப்பீடு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. மீண்டும் ஊரடங்கு வந்தால் முதல் வாரத்திலேயே நிறுவனத்துக்கு எழுதி, அந்த ஒப்புதலை எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது பாலிசியோடு இணைக்கப்படும் எழுத்துக் குறிப்பாக, பெற்றுக்கொள்ளுங்கள். வாரத்துக்கொரு முறை ஒருவர் சென்று திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் நோட்டும் ஒன்று இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற_கிளைம்_அலுவலர்:

55 கடந்தவர்கள் ஜீவன் ஜோதியில் இருக்க முடியாது. 50 முடிந்தவர் புதிதாகச் சேரவும் முடியாது. குழு டேர்ம் பாலிசியில் உச்ச வயதை நிறுவனத்தோடு பேசி உயர்த்திக்கொள்ளலாம். விலைப்புள்ளி கேட்கும்போதே பன்னிருவரின் பிறந்த தேதியையும் சேர்த்து அனுப்புங்கள், பிறகு சேர்த்தால் விலை ஏறும். அதற்கும் மேற்பட்ட வயதினருக்கு இறப்புக் காப்பீட்டைவிட மருத்துவக் காப்பீடே தேவை. 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச் போன்ற, கொரோனா சிகிச்சைச் செலவுக்கான குறுகிய காலத் திட்டம் மறுபடியும் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது 65 வயதோடு நின்றது, எடுத்த பிறகு 15 நாள் காத்திருப்பும் இருந்தது, இறந்தால் தனித்தொகையும் கிடையாது. இந்தப் பன்னிருவரைத் தொற்றுக் காலத்தில் தெருவுக்கு அனுப்பாமல், தொலைபேசி ஒருங்கிணைப்பு, கணக்கு, பதிவேடு ஆகிய வேலைகளுக்கு மட்டும் அமர்த்துவது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். விலைப்புள்ளிகள் வந்ததும் விலக்குப் பகுதியை மட்டும் இங்கே பதிவிடுங்கள், படித்துச் சொல்கிறேன்.